சுடாத டிசம்பர் பூ

இறந்தவருக்கு வைக்கும் பூ எவ்வளவு காலம் இருக்க வேண்டும்? வந்தவர்கள் பார்த்துவிட்டுப் போகும் வரை இருந்தால் போதுமா, வைத்தவரின் ஆயுள் வரைக்கும் இருக்க வேண்டுமா? பீங்கான் பூ செய்யும் யூனிட்டில் நான்கு வருடமாக வேலை செய்கிறேன். அநேகமாகத் தினமும் யாராவது ஒருவர் போனில் என்னோடு பேசிப் பூ தேர்ந்தெடுக்கிறார். இருந்தும் இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்திருந்தால் போன ஐப்பசியில் அப்படி நடந்துகொண்டிருக்க மாட்டேன். அல்லது அப்படியேதான் நடந்துகொண்டிருப்பேனோ, அதுவும் தெரியவில்லை.

என்னைப் போல ஆர்டர் மேசைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. ரோஜாவா, தாமரையா?

விருத்தாசலத்தில் பீங்கான் யூனிட் என்றால் ஃபியூஸ் கேரியரும் பொம்மையும்தான் பலருக்கு ஞாபகம் வரும். எங்கள் யூனிட்டில் அவற்றோடு கல்லறைப் பூவும் செய்கிறோம். பீங்கான் பூக்களைக் கம்பி வளையத்தில் கட்டிய மலர்வளையம். வெயிலில் வாடாது, மழையில் அழுகாது, ஆடும் மேயாது. முன்பு கல்லறைத் திருநாளுக்குக் கிறிஸ்தவக் குடும்பங்கள் மட்டும் வாங்கினார்கள். இப்போது சமாதி கட்டும் மற்றவர்களும் நினைவுநாளுக்குக் கேட்கிறார்கள்.

நான் பி.எஸ்ஸி. வேதியியல். ஆர்டர் எடுப்பது, கஸ்டமருக்குப் படம் அனுப்பி அப்ரூவல் வாங்குவது, பேக்கிங்கைச் சரிபார்ப்பது என் வேலை. சேர்ந்த முதல் நாள் எங்கள் முதலாளி சொன்ன முதல் வார்த்தை இது:

“தோ பாரும்மா நித்யா, செத்த வூட்டுக்காரங்ககிட்ட ‘எந்தப் பூ வேணும்’னு மட்டும் கேட்டுடாத. ‘ரோஜாவா, தாமரையா’ன்னு கேளு. நம்மகிட்ட மோல்டு ரெண்டுக்குத்தான் இருக்குது.”

எனக்கு அது மனிதத்தன்மை இல்லாத பேச்சாகத் தெரிந்தது. துக்கத்தில் இருப்பவரிடம் ஓட்டலில் இட்லியா தோசையா என்று கேட்பதைப் போலவா கேட்பது? நான் மனதார, மெதுவாக, “அவங்களுக்கு என்ன பூ புடிக்கும்?” என்று கேட்கத் தொடங்கினேன். அதன் பலனை நான்கு வருடமாக அனுபவிக்கிறேன். இப்போது சொல்கிறேன், சார் சொன்னது பாதி சரி.

2. வேப்பூரிலிருந்து வந்த போன்கள்

ராஜவேலு வேப்பூரில் ஹைவே ஓரம் டிபன் கடை வைத்திருப்பவர். மனைவி செல்வி இறந்து ஒரு வருடம் ஆகப் போகிறது, சமாதிக்கு வளையம் வேண்டும் என்றார். வழக்கம்போல நான் கேட்டேன்.

“அவங்களுக்கு என்ன பூ சார் புடிக்கும்?”

அந்தப் பக்கம் தோசைக் கல்லில் கரண்டி சுரண்டும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, “வெள்ள ரோஜா போடுங்க” என்றார்.

மறுநாள் அவர் தங்கை வசந்தா பேசினார். வேப்பூருக்குப் பக்கத்து மங்களூரில் வாழ்க்கைப்பட்டவர்.

“வெள்ளையா? எங்க அண்ணி சுமங்கலியா போனவங்க. செவப்பு ரோஜா போடுங்க. அண்ணனுக்கு ஒண்ணும் தெரியாது.”

சிவப்பு என்று எழுதினேன். அன்று மாலையே ராஜவேலு, “தங்கச்சி பேசுனாளா? அவ சொல்றத எழுதாதீங்க. வெள்ளையே இருக்கட்டும்” என்றார். அடுத்த நாள் இரண்டும் கலந்து என்றார்கள். அதற்கடுத்த நாள் மஞ்சள் செவ்வந்தி. நடுவில் சார் என் மேசைக்கு வந்து, “தாமர ஸ்டாக்குல கெடக்குது, அதத் தள்ளி வுடு” என்றார். என் மகளுக்கு மூன்று வயது. அவளுக்குச் சோறு ஊட்டும்போது ஒரு தடவை, மாத்திரை கொடுக்கும்போது ஒரு தடவை, பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு தடவை, இந்த வளையத்தைப் பற்றி நான் பேசிக்கொண்டிருந்தேன்.

“அந்தப் பொம்பள உசுரோட இருந்தப்ப ஒரு பூவுக்கு இத்தினி பேரு கவலப்பட்டிருப்பாங்களா?” என்றார் மகேஸ்வரி அக்கா. எங்கள் யூனிட்டில் இதழ் செய்வதும் கலர் பூசுவதும் அவர்தான். “நீ போனத் தூக்கி அந்தக் களிமண்ணு கரச்ச ஸ்லிப்பு தொட்டில போடு. நான் பாக்கலன்னு சொல்லிடறேன்.”

3. மூச்சு முட்டும் பூ

ஒரு நாள் காலையில் ராஜவேலு நேரிலேயே வந்துவிட்டார். ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தார். இன்னொரு பூவைச் சொல்லப் போகிறார் என்று ஆர்டர் புத்தகத்தைச் சற்று வேகமாகவே திறந்தேன். அந்த வேகத்தை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

“டிசம்பர் பூவு போட முடியுங்களா?” என்றார்.

செல்விக்கு இளைப்பு உண்டு. மல்லிகை, முல்லை, சம்பங்கி எதன் பக்கத்தில் போனாலும் மூச்சு வாங்கும். அதனால் தலையில் பூவே வைப்பதில்லை.

“பதினாறு வருஷம் அதுக்கே சண்டங்க. தாலி கட்டுனவ தலையில பூ இல்லாம நிக்கிறியே, எங்கம்மா என்ன சொல்லும்னு கத்துவேன். இளப்பு நெசம்னு எனக்குத் தெரியும். இருந்தாலும் கத்துவேன். போன வருஷம் அவ போனப்ப, யாரு வாங்கியாந்தாங்கன்னே தெரியல, மல்லியும் சம்பங்கியுமா மூஞ்சி வரைக்கும் மூடிட்டாங்க. நான் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன். அவ அக்கா திட்டக்குடியிலேர்ந்து வந்து எறங்கி, ஒரே கத்து. ‘செத்தும் அவளுக்கு மூச்சு முட்டணுமா, எடுத்துப் போடுங்க’ன்னு. எல்லாத்தையும் வாரி வாரி எறிஞ்சாங்க. அன்னிக்குப் போனவங்க என் வூட்டு வாசப்படி மிதிக்கல. பொண்டாட்டிக்கு என்ன ஆவாதுன்னு புருஷனுக்கே தெரியலன்னு ஊரெல்லாம் பேச்சு. இப்ப வருஷத்துக்கு வரேன்னிருக்காங்க.”

டிசம்பர் பூவைச் சொன்னது அவருடைய மகள். ஒன்பதாவது படிக்கிற பெண். அம்மா வருடத்தில் இரண்டு மாதம் மட்டும் பூ வைக்கும், டிசம்பர் பூ மட்டும் வைக்கும், அதற்கு வாசனை கிடையாது என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். போனில் ஒரு படம் காட்டினார். யாரோ கல்யாண வீட்டில் எடுத்தது. ஓரத்தில் பாதி முகமாக ஒரு பெண், கொண்டையில் வெளிர் ஊதாச் சரம்.

“பதினாறு வருஷம் பாத்ததுதான். ஆனா கண்ணுல படலீங்க.”

நினைவுநாள் ஐப்பசியில் வருகிறது. டிசம்பர் பூ பூக்க இன்னும் ஒரு மாதம் ஆகும். அதனால்தான் எங்களிடம் வந்திருந்தார். என் மகளுக்கும் வீசிங் உண்டு. நெபுலைசர் மாஸ்க்கை முகத்தில் வைத்துக்கொண்டு அவள் என்னைப் பார்க்கும் பார்வை எனக்குத் தெரியும். மோல்டு இல்லை, ஊதாக் கலர் இல்லை, நாளும் இல்லை. ஆனாலும் “முடியும் சார்” என்று சொல்லிவிட்டேன்.

4. போட்டோ

இங்கே கொஞ்சம் தொழில் சொல்ல வேண்டும். பூவைச் செய்து காயவைத்து முதல் சூடு கொடுப்போம். அதற்குப் பெயர் பிஸ்கட். பிஸ்கட் ஆன பூ வெள்ளையாக, சொரசொரப்பாக இருக்கும். அதன்மேல் கலர் பூசி, கண்ணாடி போல மினுங்கும் கிளேஸ் தெளித்து, மறுபடி கில்னில், அதாவது சூளையில், ஏற்றுவோம். கலரின் உண்மையான நிறம் கில்னைவிட்டு வெளியே வந்த பிறகுதான் தெரியும். எங்களிடம் நீலத்துக்கு இருப்பது கோபால்ட் கார்பனேட். தண்ணீரில் கலக்கிப் பூசும்போது அது வெளிர் ஊதாவாக இருக்கும். கில்னுக்குள் போய் வந்தால் அடர் நீலம்.

இது யூனிட்டில் கூட்டுகிறவருக்குக்கூடத் தெரியும். அதனால்தான் யாரும் அதைச் சொல்வதில்லை.

ஊதா வேண்டும் என்று நான் சாரிடம் கேட்டபோது, “நம்மகிட்ட நீலம்தான் இருக்குது. நீலம் கலந்த ஊதான்னு சொல்லு” என்றார். நானும் ராஜவேலுவிடம் அப்படியே சொன்னேன். “போட்டோ அனுப்புங்க, பாத்துச் சொல்றேன்” என்றார்.

மகேஸ்வரி அக்கா அந்தக் கல்யாண வீட்டுப் படத்தைப் பார்த்துப் பார்த்துக் கையாலேயே இதழ் செய்தார். வளையத்துக்கு நாற்பது பூ வேண்டும். மெல்லிய இதழ், உடையும் என்று இரண்டு டிரேயாக எண்பது செய்தார். கலர் பூசி முடித்ததும் என்னைக் கூப்பிட்டார். நான் போய்ப் பார்த்தேன். டிசம்பர் பூவேதான். அந்தக் கொண்டையிலிருந்து எடுத்து வைத்த மாதிரி இருந்தது.

சுடுவதற்கு முன் எடுக்கும் படம் எதுவாக இருந்தாலும், கீழே ‘சுடாதது, நிறம் மாறும்’ என்று எழுதித்தான் அனுப்புவேன். அது நானே வைத்துக்கொண்ட பழக்கம். அன்று படத்தை எடுத்து அனுப்பப் போகும் நேரத்தில் மாமியார் போன் செய்தார். “புள்ளைக்கு உடம்பு அனலா கொதிக்குது, மூச்சும் இழுக்குது, வர்றியா?” என்றார். படத்தை அப்படியே அனுப்பிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு ஓடினேன். கீழே எதுவும் எழுதவில்லை.

ஆஸ்பத்திரியில் மகளை மடியில் வைத்துக்கொண்டிருந்தபோது பதில் வந்தது. “இதேதாங்க. இதே கலரு. பொண்ணு பாத்துட்டு அழுவுது.”

பார்த்தேன். அப்போதாவது ஒரு வரி எழுதியிருக்கலாம். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மறுநாள் லீவு. அதற்கு மறுநாள் முதல் டிரே கில்னுக்குள் போய்விட்டிருந்தது.

5. நீலம்

நினைவுநாளுக்கு முந்தின நாள் மதியம் ராஜவேலுவும் வசந்தாவும் பைக்கில் வந்தார்கள். தூறல் விழுந்துகொண்டிருந்தது. நான் வளையத்தை மேசைமேல் வைத்து மேலே மூடியிருந்த காகிதத்தை எடுத்தேன்.

பளபளப்பான, ஆழமான, அழகான நீலம். குறை சொல்ல ஒரு கீறல் கிடையாது.

“இது சங்குப்பூவுங்க” என்றார் ராஜவேலு.

“ஊதா கேட்டா நீலத்தக் குடுக்கறீங்க?” என்றார் வசந்தா. “போட்டோவுல ஒண்ணு, நேருல ஒண்ணு. பொண்ணு பாக்குற எடத்துலதான் இப்பிடிப் பண்ணுவாங்க. நீங்களுமா?”

சத்தம் கேட்டு சார் வந்தார். “ஊதாவும் நீலமும் அக்கா தங்கச்சிதான்யா. மேலேர்ந்து பாக்குறவங்களுக்கு இங்க வெச்ச கலரா தெரியப் போவுது?”

“மேலேர்ந்து பாக்குறவளுக்கு இல்லீங்க,” என்றார் ராஜவேலு. “திட்டக்குடியிலேர்ந்து வர்றவங்களுக்கு.”

சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கடலூர் போக வேண்டும் என்று கிளம்பிவிட்டார். போகும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “நீ அனுப்புன போட்டோ, நீயே பேசி முடி. ஆனா எதயாவது ஏடாகூடமா செஞ்சி யூனிட் பேரக் கெடுத்துடாத.” இதை என்ன உத்தரவு என்று எடுத்துக்கொள்வது? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

மகேஸ்வரி அக்கா அந்த நேரத்தில் உள்ளேயிருந்து இரண்டாவது டிரேயை எடுத்து வந்து மேசைமேல் வைத்தார். உடைந்தால் மாற்ற வேண்டும் என்று எடுத்து வைத்த நாற்பது பூ. கலர் பூசியது, கிளேஸ் போடாதது, சுடாதது. நான் அவரை முறைத்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

ராஜவேலு ஹெல்மெட்டைக் கீழே வைத்தார். “இதாங்க.”

நான் சொன்னேன். இது வெறும் பூச்சு, சார். மேலே கிளேஸ் கிடையாது. விரலால் தேய்த்தால் வரும். ஒரு மழை பெய்தால் கலர் முழுக்க வழிந்துபோய் வெள்ளைப் பூ ஆகிவிடும். ஒரு பூவை எடுத்து விரலில் தேய்த்து, ஊதா ஒட்டியதையும் காட்டினேன்.

“வார்னீஷ் அடிச்சிப் பாப்பமா?” என்றார் அக்கா. அந்தத் தேய்த்த பூவிலேயே அடித்துப் பார்த்தோம். நனைந்த துணி போலத் திட்டுத் திட்டாகக் கறுத்துவிட்டது.

“நாளைக்குக் காலைல பத்து மணிக்குப் படையல்,” என்றார் ராஜவேலு. “அவங்க அக்கா வந்து ஒரு தடவ பாத்துட்டா போதுங்க. அப்புறம் மழ வந்தா வரட்டும்.”

“அண்ணா, அப்புறம் வெள்ளையா நின்னா ஊருல என்ன சொல்லுவாங்க?” என்றார் வசந்தா.

“நீ சும்மா இரு. நீ செவப்பு ரோஜா கேட்டவ.”

சுடாத சரக்கு கேட்டைத் தாண்டக் கூடாது. இது எங்கள் யூனிட்டில் மட்டுமல்ல, இந்த ஊரில் எல்லா யூனிட்டிலும் உள்ள விதி. விதியை எழுதி ஒட்டியிருப்பதே என் மேசைக்கு மேலேதான். என் கையெழுத்தில். இன்னொரு பக்கம், சுடாத பூவின் படத்தை ஒரு வார்த்தை எழுதாமல் அனுப்பியதும் நான்தான். அந்த ஊதாவை அவருக்குக் காட்டியது என் போன். காட்டிவிட்டு இல்லை என்பதா? மழையில் வழியும் என்று சொல்லி, விரலில் தேய்த்தும் காட்டிவிட்டேன், இனி அவர் பாடு என்பதா? சாருக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. எடுத்திருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பார். எடுக்காததில் எனக்குக் கொஞ்சம் நிம்மதி இருந்தது என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

அக்காவும் நானும் நாற்பதாவது பூவுக்கு வழியில்லாமல் முப்பத்தொன்பது பூவைக் கம்பியில் கட்டினோம். கலர் உரசாமல் ஒவ்வொரு பூவுக்கும் இடையில் பஞ்சு. அட்டைப்பெட்டிக்கு மேல் இரண்டு பாலிதீன் உறை. நீல வளையத்தையும் கூடவே கொடுத்தேன். வசந்தா இரண்டு பெட்டியையும் பைக்கின் பின்னால் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். “ஒங்க அண்ணன மெதுவா ஓட்டச் சொல்லுங்க” என்றேன். “அவரு என்னிக்கு யாரு பேச்சக் கேட்டாரு?” என்றார்.

6. பதினொரு மணி

மறுநாள் காலை ஒன்பதுக்கு விருத்தாசலத்தில் நல்ல மழை. வேப்பூரில் என்ன நிலைமை என்று கேட்கக் கை வரவில்லை. ஃபியூஸ் கேரியர் எண்ணும் வேலையில் இருந்தேன். மூன்று தடவை எண்ணினேன், மூன்று தடவையும் வேறு வேறு எண்ணிக்கை வந்தது.

பதினொரு மணிக்கு ஒரு படமும் ஒரு வாய்ஸ் மெசேஜும் வந்தன. படத்தில் வெள்ளைச் சிமெண்ட் சமாதி, அதன்மேல் ஊதா வளையம். வாய்ஸ் மெசேஜில் ராஜவேலு எதுவும் பேசவில்லை. பேசத் தொடங்கும் முன் வேறு யாரோ பேச, பட்டனை அப்படியே அமுக்கிப் பிடித்திருந்தார் என்று நினைக்கிறேன். தூரத்தில் ஒரு பெண் குரல். “இது அவ வெக்கிற பூவாச்சே. யாரு சொன்னாங்க ஒங்களுக்கு?” பிறகு அதே குரல், “இலயப் போடுங்க, சாப்புட்டுத்தான் போவேன்” என்றது.

மகேஸ்வரி அக்காவுக்குப் போட்டுக் காட்டினேன். இரண்டாவது தடவை போடச் சொன்னார். மூன்றாவது தடவை கேட்டுவிட்டு, “சரி, போயி வேலயப் பாரு” என்றார்.

மதியம் வேப்பூரிலும் மழை.

நான்கு நாள் கழித்து வசந்தா சாருக்கே படம் அனுப்பிவிட்டார். வளையம் வெள்ளையாக இருந்தது. சிமெண்டில் மட்டும் ஊதா வழிந்த கோடுகள். சார் என்னைக் கூப்பிட்டு, யூனிட் தொடங்கியதிலிருந்து இப்படி ஒரு சரக்கு வெளியே போனதில்லை என்றார். அவர் சொன்னது நியாயம். போட்டோவுக்குக் கீழே எழுதாமல் விட்டதைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ராஜவேலுவிடமும் இன்றுவரை சொல்லவில்லை. நீலம் வந்தது கில்னின் தவறு என்றே அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். நீல வளையத்தைக் கடையில் செல்வி படத்துக்குக் கீழே மாட்டியிருக்கிறாராம்.

நான் கற்றது ஒன்று உண்டு. புதிதாக வருகிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். சுடாத பூவின் படத்தைக் கஸ்டமருக்கு அனுப்பாதீர்கள். எழுதித்தான் அனுப்புவேன் என்றும் இருக்காதீர்கள். எழுத முடியாத நாள் ஒன்று வரும்.

இது போதும் என்று இங்கேயே முடித்திருப்பேன். ஆனால் நேற்று ராஜவேலுவின் எண்ணிலிருந்து ஒரு மெசேஜ் வந்தது. “ஆன்ட்டி, நான் அவங்க பொண்ணு. அம்மா பூ வெள்ளையாயிடிச்சி. திரும்ப அந்தக் கலர் வருமா? நீலம் வேணாம். அந்தக் கலர்.”

மகேஸ்வரி அக்கா, “சமாதி ஓரமா ஒரு டிசம்பர் செடி நட்டா முடிஞ்சிது, என்னாத்துக்கு இவ்ளோ ரோதன?” என்கிறார். செடி நல்ல யோசனைதான். ஆனால் நினைவுநாளுக்கு அது பூக்காது. ஒவ்வொரு ஐப்பசிக்கும் போய்ப் பூசிவிட்டு வரலாம் என்றால், மழை அதைக் கழுவுவதை அந்தப் பெண் வருடா வருடம் பார்க்க வேண்டும். கில்னில் நிற்கும் ஊதா ஸ்டெயின் கலர் வெளியூரில் கிடைக்கும் என்கிறார்கள். அது இந்த ஊதாவாக வருமா, இல்லை மறுபடியும் வேறொன்றாக வந்து அவள் முன்னால் நான் நிற்க வேண்டியிருக்குமா?

கில்னில் வேலை செய்தவர்கள், கலர் தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், டிசம்பர் பூவின் வெளிர் ஊதா ஆயிரத்து இருநூறு டிகிரியில் நிற்க வழி இருக்கிறதா என்று எழுதுங்கள். வழி இல்லையென்றால், பதின்மூன்று பதினான்கு வயதுப் பெண்ணிடம் அதை எப்படிச் சொல்வது என்று எழுதுங்கள். போட்டோ விஷயத்தையும் சேர்த்துச் சொல்லிவிடலாமா என்பதையும்.

அவள் மெசேஜை நான் திறந்துவிட்டேன். படித்துவிட்டேன் என்று அவளுக்குத் தெரியும். கொஞ்சம் சீக்கிரம் எழுதுங்கள்.